மானியத்தை நம்பி இயந்திரம் வாங்கும் முன்: அதன் சட்ட பலத்தை நீங்களே சரிபார்க்க

"இதுக்கு 25 சதவீதம் மானியம் இருக்கு சார்" என்று இயந்திரம் விற்க வந்தவர் சொன்னதும் கொட்டேஷனில் கையெழுத்துப் போடுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர் பொய் சொல்லவில்லை. தமிழ்நாடு அரசின் 2021ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் கொள்கையில், தகுதியுள்ள இயந்திர மதிப்பில் 25 சதவீதம், உச்சவரம்பு 1.5 கோடி ரூபாய் என்று முதலீட்டு மானியம் இருக்கிறது. ஆனால் யாருக்கு, எந்த இடத்தில், எந்த வகைத் தொழிலுக்கு, எந்தத் தேதிக்குள் என்ற நான்கையும் அவர் சொல்லமாட்டார். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று: அரசு நாளைக்குத் தரமாட்டேன் என்றால் உங்களால் கேட்டு வாங்க முடியுமா?

இந்த அத்தியாயம் முடியும்போது, எந்த மானிய அறிவிப்பை எடுத்தாலும் அது சட்டப்படி எவ்வளவு கெட்டியானது என்று நீங்களே கணிக்க முடியும். வழக்கறிஞர் எப்போது தேவை என்பதும் தெரியும். தேவையான கருவிகள்: இணைய இணைப்பு, ஒரு கோப்பு, பத்து ரூபாய், பொறுமை.

தெரிந்திருக்க வேண்டிய சட்டம் இவ்வளவுதான்

அரசு தன் பணத்தைத் தனியார் தொழிலுக்குக் கொடுக்கலாமா? கொடுக்கலாம். அரசமைப்புச் சட்டத்தின் 282ஆம் பிரிவு, பொது நோக்கம் எதற்காகவும் மத்திய, மாநில அரசுகள் நிதி வழங்க இடம் தருகிறது. நிபந்தனைகள் மூன்று. பொது நோக்கம் இருக்க வேண்டும். சட்டமன்றமோ நாடாளுமன்றமோ அந்தச் செலவுக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். 266ஆம் பிரிவின்படி, அதில்லாமல் கருவூலத்திலிருந்து ஒரு ரூபாயும் வெளியே வரக் கூடாது. 14ஆம் பிரிவு சொல்லும் சமத்துவம் கெடாமல், நியாயமான அளவுகோல் வைத்துப் பயனாளிகளைப் பிரித்திருக்க வேண்டும்.

"பொது நோக்கம்" என்பதை நீதிமன்றங்கள் தாராளமாகவே பார்க்கின்றன. தமிழ்நாட்டின் இலவசத் தொலைக்காட்சி, மிக்ஸி, கிரைண்டர் திட்டங்களை எதிர்த்த சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில், 2013இல் உச்ச நீதிமன்றம் அவற்றைச் செல்லாது என்று அறிவிக்க மறுத்தது. அந்தத் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யும் கேள்வி 2022இல் மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. எப்படியானாலும், வேலைவாய்ப்பும் பின்தங்கிய பகுதி வளர்ச்சியும் நோக்கமாக உள்ள ஒரு தொழில் மானியம் இந்தப் படியில் தடுக்கி விழுவது அரிது. விழுவதெல்லாம் அடுத்து வரும் படிகளில்தான்.

படி 1: பேச்சை விடுங்கள், காகிதத்தைத் தேடுங்கள்

இந்த வரிசையில் கீழே போகப் போக உங்கள் உரிமை கெட்டிப்படுகிறது.

1. மேடைப் பேச்சு, நாளிதழ்ச் செய்தி, வாட்ஸ்அப் படம். சட்ட பலம் ஏறக்குறைய இல்லை. இதைக் காட்டிக் கடன் கேட்டால் வங்கி மேலாளர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.
2. தொழில் கொள்கை ஆவணம். அரசின் வாக்குறுதி. ஓரளவு பலம் உண்டு.
3. அரசாணை. கொள்கையைச் செயலுக்குக் கொண்டுவருவது இதுதான்.
4. வழிகாட்டு நெறிமுறைகள். தகுதி, கெடு, படிவம் எல்லாம் இதில் இருக்கும்.
5. உங்கள் பெயருக்கு வந்த ஒப்புதல் ஆணை. இதற்கு மேல் கெட்டியான காகிதம் கிடையாது.

அரசாணையைக் கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை: ஆணை எண், தேதி, துறையின் பெயர், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை நடைமுறையில் இருக்கும் என்ற வரி, கடைசியில் "ஆளுநரின் ஆணைப்படி" என்ற வரியும் அதன் கீழ் அரசுச் செயலாளரின் பெயரும். அந்தக் கடைசி வரி வெறும் சடங்கு அல்ல. மாநில அரசின் ஆணைகள் ஆளுநரின் பெயரில்தான் வெளிவர வேண்டும் என்கிறது 166ஆம் பிரிவு. அது இல்லாத தாள் ஓர் அலுவலகக் கடிதமாக இருக்கலாம். அதை அனுப்பியவருக்கு அந்த அதிகாரம் இருக்கிறதா என்று தனியாக விசாரியுங்கள்.

வரி விலக்கு, மின்வரித் தள்ளுபடி போன்ற சலுகைகளுக்கு இன்னொரு தாளும் வேண்டும். ஒரு சட்டத்தின் கீழ் வசூலாகும் வரியை விட்டுக்கொடுக்க, அதே சட்டத்தின் கீழ் அறிவிக்கை வர வேண்டும். கொள்கை ஆவணம் மட்டும் போதாது. ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடந்ததைப் பாருங்கள். 2012ஆம் ஆண்டுத் தொழில் கொள்கையில், சொந்த மின் நிலையம் வைத்துள்ள ஆலைகளுக்கு மின்வரியில் 50 சதவீதத் தள்ளுபடி என்று சொன்னார்கள். ஒரு மாதத்தில் வந்திருக்க வேண்டிய அறிவிக்கை 2015 ஜனவரியில் வந்தது. அதுவும் இனிமேல்தான் பொருந்தும் என்று. பிரம்மபுத்ரா மெட்டாலிக்ஸ் நிறுவனம் வழக்குப் போட்டது. அறிவிக்கையைத் தாமதித்தது அரசின் தவறு. அதையே காரணம் காட்டி வாக்கை மீற முடியாது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நிறுவனம் ஜெயித்ததுதான். ஆனால் உச்ச நீதிமன்றம் வரை போக உங்களிடம் தெம்பு இருக்கிறதா? அறிவிக்கை வந்துவிட்டதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுவது மலிவு.

குறிப்பு: அரசாணைகள் தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் துறைவாரியாகக் கிடைக்கும். மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டாலும் எண்ணைச் சொல்வார்கள். எண் கிடைத்ததும் அதற்குப் பிந்தைய திருத்த ஆணைகளையும் தேடுங்கள். பழைய ஆணையை அச்சடித்துக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறவர்கள் ஏராளம்.

படி 2: பணம் ஒதுக்கியிருக்கிறார்களா?

ஆணை இருந்தும் பணம் இல்லாத மானியம் உண்டு. அந்தத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கப்படுகிறது, இணையத்திலும் கிடைக்கும். அதில் உங்கள் திட்டத்தின் பெயரைத் தேடி, இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கீடு, போன ஆண்டு எத்தனை நிறுவனங்களுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். வழிகாட்டு நெறிமுறையில் "நிதி ஒதுக்கீட்டுக்கு உட்பட்டு" என்ற சொற்கள் இருந்தால் சிவப்பு மையில் அடிக்கோடு போடுங்கள். அந்த மூன்று சொற்களுக்கு, இந்த ஆண்டு வராமலும் போகலாம் என்று பொருள்.

மின் மானியத்தில் சட்டமே இதற்கு ஒரு காப்பு வைத்திருக்கிறது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 65ஆம் பிரிவு, ஒரு பிரிவு நுகர்வோருக்குச் சலுகைக் கட்டணம் வேண்டும் என்று மாநில அரசு நினைத்தால், அந்தத் தொகையை விநியோக நிறுவனத்துக்கு முன்கூட்டியே செலுத்த வேண்டும் என்கிறது. செலுத்தாவிட்டால் அரசின் உத்தரவு நடைமுறைக்கு வராது. ஆணையம் நிர்ணயித்த கட்டணமே பொருந்தும். விசைத்தறிக்கு இலவச யூனிட் பெறுகிறவர்கள் இந்தப் பிரிவைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

படி 3: நீங்கள் அந்த வட்டத்துக்குள் இருக்கிறீர்களா?

தகுதிப் பத்தியை வரி வரியாகப் படியுங்கள். இங்கே வரிசை முறை முக்கியம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் (பிஎம்இஜிபி) தொழில் தொடங்கிய பிறகு விண்ணப்பித்தால் பயனில்லை. அது புதிய தொழிலுக்கானது. வேறொரு அரசுத் திட்டத்தில் ஏற்கெனவே மானியம் வாங்கிய நிறுவனமும் அதில் புதிதாகச் சேர முடியாது. மாநில முதலீட்டு மானியமோ உற்பத்தி தொடங்கிய பிறகு கேட்பது. ஒன்றின் வழக்கத்தை மற்றதற்குப் பொருத்திக் கெட்டவர்கள் உண்டு.

1. உத்யம் பதிவில் உள்ள தொழில் வகையும் நீங்கள் உண்மையில் செய்யும் தொழிலும் ஒன்றா என்று பாருங்கள்.
2. இடம் எந்த ஒன்றியத்தில் வருகிறது, அது மானியப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.
3. விண்ணப்பக் கெடு எந்தத் தேதியிலிருந்து ஓடத் தொடங்குகிறது என்று எழுதிவையுங்கள்: கடன் ஒப்புதல் தேதியா, இயந்திரம் வந்த தேதியா, உற்பத்தி தொடங்கிய தேதியா?
4. பழைய இயந்திரம், நிலம், வாகனம் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் மானியம் கிடையாது. விலக்குப் பட்டியலைப் பார்க்காமல் செகண்ட் ஹேண்ட் இயந்திரம் வாங்காதீர்கள்.
5. பணம் எப்போது உங்கள் கைக்கு வரும் என்று பாருங்கள். பின்னேற்பு மானியம் என்றால் முதலில் முழுச் செலவும் உங்களுடையது. பிஎம்இஜிபியில் மானியத் தொகை மூன்று ஆண்டுகள் வங்கியிலேயே வைப்பாக இருக்கும்; நேரடி ஆய்வுக்குப் பிறகுதான் கடனில் கழிப்பார்கள்.

படி 4: ஏற்றுமதி செய்கிறீர்களா? ஒரு நிமிடம் நில்லுங்கள்

உள்நாட்டுச் சட்டப்படி சரியான மானியம், உலக வணிக அமைப்பின் விதிப்படி தவறாக இருக்கலாம். அங்கே இரண்டு வகை மானியங்களுக்கு முழுத் தடை: ஏற்றுமதி செய்தால்தான் தருவேன் என்பது ஒன்று, உள்நாட்டுப் பொருளைப் பயன்படுத்தினால்தான் தருவேன் என்பது இன்னொன்று. அமெரிக்கா தொடுத்த வழக்கில் 2019 அக்டோபரில் அந்த அமைப்பின் நடுவர் குழு, எம்இஐஎஸ் உள்ளிட்ட இந்திய ஏற்றுமதிச் சலுகைகள் பலவற்றைத் தடை செய்யப்பட்ட மானியங்கள் என்றது. இந்தியா மேல்முறையீடு செய்தது. மேல்முறையீட்டு அமைப்பு அந்த டிசம்பரிலேயே செயலிழந்துவிட்டதால் வழக்கு அந்தரத்தில் நின்றது; 2023இல் இரு நாடுகளும் பேசி அதை முடித்துக்கொண்டன. எம்இஐஎஸ் போய், 2021 ஜனவரியில் ஆர்ஓடிடிஇபி வந்தது. ஏற்றுமதிப் பொருளின் மேல் ஏற்கெனவே விழுந்த வரியை மட்டும் திருப்பித் தருவது என்பதே புதிய திட்டத்தின் அடிப்படை. கட்டிய வரியைத் திருப்பித் தருவது மானியம் ஆகாது. அதற்கு மேல் ஒரு ரூபாய் தந்தாலும் ஆகும். இந்த ஒரு கோடுதான் இரண்டையும் பிரிக்கிறது.

உங்களுக்கு இதில் என்ன? மானியத்தை ஈடுகட்ட, வாங்கும் நாடு உங்கள் பொருளின் மேல் ஈட்டு வரி போடலாம். 2024இல் அமெரிக்கா இந்திய இறாலுக்கு அப்படித்தான் போட்டது. தனித்தனியாக விசாரிக்கப்படாத ஏற்றுமதியாளர்களுக்கு 5.77 சதவீதம். ஆகவே வாங்கிய சலுகைகள் அனைத்துக்கும் தனிப் பதிவேடு வையுங்கள். நீங்கள் கட்டிய வரிகளின் ரசீதும் அதோடு இருக்கட்டும். விசாரணைக் கேள்வித்தாள் வந்தால் பதில் தராமல் இருக்காதீர்கள். பதில் இல்லையென்றால் கிடைத்த தகவலை வைத்து உங்களுக்குப் பாதகமான விகிதத்தையே போடுவார்கள்.

படி 5: கொடுத்த வாக்கை அரசு திரும்பப் பெற முடியுமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. பதில்: சில வேளைகளில் முடியும், சில வேளைகளில் முடியாது. எப்போது எது என்பதற்கு ஐந்து வழக்குகள் போதும்.

கான்பூரில் வனஸ்பதி ஆலை தொடங்க வந்த மோதிலால் பதம்பத் சர்க்கரை ஆலை நிறுவனத்துக்கு, மூன்று ஆண்டுகள் விற்பனை வரி விலக்கு என்று உத்தரப் பிரதேச அரசு எழுத்தில் உறுதி தந்தது. நிறுவனம் அதை நம்பிக் கடன் வாங்கி ஆலையைக் கட்டியது. அரசு பின்வாங்கியது. நம்பவைத்து ஒருவரைச் செயல்பட வைத்துவிட்டு அரசு பின்வாங்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு 1978 டிசம்பரில் வந்தது. வாக்குறுதித் தடை என்று வழக்கறிஞர்கள் சொல்வது இதைத்தான்.

கேரளத்தின் பௌர்ணமி எண்ணெய் ஆலை வழக்கு தேதியின் அருமையைக் காட்டுகிறது. சிறுதொழில்களுக்கு 1979 ஏப்ரலில் விரிந்த வரி விலக்கு ஒன்றை அறிவித்த அரசு, 1980 அக்டோபரில் அதைச் சுருக்கியது. இடைப்பட்ட காலத்தில் முதல் ஆணையை நம்பித் தொழில் தொடங்கியவர்களுக்குப் பழைய சலுகையே உண்டு என்றது நீதிமன்றம். பிறகு வந்தவர்களுக்கு இல்லை.

மறுபக்கம், காசின்கா டிரேடிங் வழக்கில், பிவிசி பிசின் இறக்குமதிக்குத் தேதி குறித்துத் தந்த சுங்க விலக்கை அந்தத் தேதிக்கு முன்பே மத்திய அரசு திரும்பப் பெற்றது. பொது நலன் கருதி அப்படிச் செய்யலாம் என்று 1994இல் தீர்ப்பு. யூனிகார்ன் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் 2019இல், பான் மசாலா, புகையிலைப் பொருள்களுக்கான கலால் விலக்கை நீக்கியதும் செல்லும் என்றார்கள். அங்கே மக்களின் உடல்நலம் குறுக்கே நின்றது.

ஜிஎஸ்டி வந்தபோது பழைய கலால் விலக்குகள் கரைந்தன. ஹீரோ மோட்டோகார்ப் வழக்கில் 2022இல், சட்டமே மாறிவிட்ட பிறகு வாக்குறுதித் தடை பேச முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே வரியோடு கட்டிய சலுகையைவிட, ரொக்கமாகத் தரும் முதலீட்டு மானியத்துக்கே என் ஓட்டு.

உங்கள் நிலையைக் கணிக்க இவற்றைக் கேட்டுப் பாருங்கள்:

1. வாக்குறுதி எழுத்தில் இருக்கிறதா? தந்தவருக்கு அதிகாரம் உண்டா?
2. அதன் தேதிக்குப் பிறகுதான் நீங்கள் செலவு செய்தீர்களா?
3. அதை நம்பித்தான் செய்தீர்கள் என்று காட்டத் தாள் இருக்கிறதா? (வங்கிக்குக் கொடுத்த திட்ட அறிக்கையில் அரசாணை எண்ணைக் குறிப்பிட்டுவிடுங்கள். பின்னாளில் இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.)
4. "அரசு எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்" என்ற வரி ஆணையில் உண்டா?
5. உங்கள் பொருளுக்கு எதிராகப் பொது நலக் காரணம் சொல்ல வாய்ப்பு உண்டா?

முதல் மூன்றுக்கும் "ஆம்", கடைசி இரண்டுக்கும் "இல்லை" என்றால் உங்கள் கை ஓங்கி இருக்கிறது.

படி 6: கேட்டுப் பெறுதல்

விண்ணப்பம் கொடுத்ததும் ஒப்புகை எண் வாங்குங்கள். குறை இருப்பதாகச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். நியாயமான காலம் கடந்தும் அசைவில்லை என்றால் இந்த வரிசையில் போங்கள்:

1. மாவட்டத் தொழில் மையப் பொது மேலாளருக்குப் பதிவுத் தபாலில் நினைவூட்டல்.
2. தகவல் உரிமைச் சட்டத்தில் மனு. கட்டணம் பத்து ரூபாய். பதிலுக்கு முப்பது நாள். கேட்க வேண்டியவை: என் விண்ணப்பத்தின் இன்றைய நிலை, கோப்பு எந்த அலுவலரிடம் எந்தத் தேதி முதல் இருக்கிறது, கோப்புக் குறிப்புகளின் நகல், இந்த நிதியாண்டில் மாவட்டத்துக்கு வந்த தொகை, வழங்கிய தொகை, நிலுவையில் உள்ளவர்களின் மூப்பு வரிசை. "ஏன் தரவில்லை?" என்று கேட்காதீர்கள். அலுவலகத்தில் இருக்கும் பதிவைத்தான் தருவார்கள், விளக்கம் தரமாட்டார்கள்.
3. துறை ஆணையருக்கும் செயலாளருக்கும் முறையீடு, மேற்சொன்ன பதில்களின் நகலோடு.
4. உயர் நீதிமன்றத்தில் 226ஆம் பிரிவின் கீழ் நீதிப்பேராணை மனு, சென்னையிலோ மதுரைக் கிளையிலோ. வழக்கறிஞர் தேவைப்படுவது இங்கேதான். பெரும்பாலும் "இத்தனை வாரத்தில் பரிசீலித்து முடிவெடுங்கள்" என்ற உத்தரவே வரும். அதுவே பல கோப்புகளை நகர்த்தப் போதும்.

ஆண்டுக்கணக்கில் தூங்கிவிட்டுப் போனால் தாமதத்தைக் காட்டியே மனுவைத் தள்ளிவிடலாம்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

இயந்திரத்தை ஒரு பெயரிலும் கடனை இன்னொரு பெயரிலும் வாங்குவது. கூட்டாளிகள் மாறியதைத் தெரிவிக்காமல் விடுவது. மானியம் வந்ததும், நிபந்தனைக் காலம் முடியும் முன்பே இயந்திரத்தை விற்பது. வட்டியோடு திருப்பிக் கேட்பார்கள். கணக்கில் மானியத்தை எங்கே காட்டுவது என்று கேட்காமல் இருப்பது. இயந்திரத்துக்காக வந்த மானியத்தை அதன் அடக்கவிலையில் கழித்துவிட்டுத்தான் தேய்மானம் கணக்கிட வேண்டும்; மற்ற மானியங்கள் பெரும்பாலும் வருமானம். பொன்னி சுகர்ஸ் வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம், எதற்காகத் தந்தார்கள் என்ற நோக்கமே அளவுகோல் என்றது. பின்னால் 2015இல் சட்டத்தைத் திருத்தி வலையை அகலமாக்கிவிட்டார்கள். ஆடிட்டரிடம் மானியம் வரும் முன்பே பேசுங்கள்.

பாதுகாப்பு

• பில் தொகையை ஏற்றிப் போடச் சொல்லும் விற்பனையாளரிடம் இயந்திரம் வாங்காதீர்கள். அது மோசடி, போலி ஆவணக் குற்றங்களில் கொண்டுபோய் விடும். மாட்டுவது அவர் மட்டும் அல்ல, விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்ட நீங்களும்தான்.
• "முடித்துத் தருகிறேன்" என்கிற இடைத்தரகரிடம் அசல் ஆவணம், வெற்றுக் காசோலை, ஓடிபி எதையும் கொடுக்காதீர்கள்.
• லஞ்சம் கொடுப்பதும் குற்றம். 2018 திருத்தத்துக்குப் பிறகு, கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால்தான் தப்பலாம். கேட்கும்போதே லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போவது நல்லது.

கடைசிக் கணக்கு

ஒரகடத்தில் கார் ஆலை அமைக்க 2008இல் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டது ரெனோ-நிசான் கூட்டணி. ஊக்கத்தொகை பாக்கி என்று சொல்லி 2017இல் சர்வதேச நடுவர் மன்றம் வரை போன நிசானின் கோரிக்கை 5,000 கோடி ரூபாயைத் தாண்டியது. 2020இல் சமரசம் ஆன பிறகே அது முடிந்தது. அவ்வளவு பெரிய நிறுவனம் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தது என்றால், உங்கள் திட்ட அறிக்கையை இரண்டு முறை போட்டுப் பாருங்கள்: மானியத்தோடு ஒன்று, மானியமே இல்லாமல் ஒன்று. இரண்டாவது கணக்கில் தவணை கட்ட முடியவில்லை என்று வந்தால், அந்த இயந்திரத்தை இப்போது வாங்காதீர்கள்.